முதலை ஏரிக்கரையில் டென்ட் போடுகிறவர்களுக்கு

ஹூஸ்டனிலிருந்து தென்மேற்கே 45 மைல் போனால் நீட்வில் ஊருக்குப் பக்கத்தில் பிராசோஸ் ஆறு வளைந்து ஓடுகிறது. அந்த வளைவில் கிட்டத்தட்ட 5,000 ஏக்கரில் பரந்திருப்பது பிராசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க். டெக்சாஸ் மாநில அரசு இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1984-இல். எல்ம் ஏரி, 40 ஏக்கர் ஏரி, கிரீக்ஃபீல்ட் ஏரி, பிலண்ட் ஏரி எனச் சின்னதும் பெரியதுமாக நீர்நிலைகள். கரையெல்லாம் பாசித்தாடி தொங்கும் ஓக் மரங்கள். தண்ணீரிலும் கரையிலும், சில நாள் நாம் நடக்கும் பாதையிலுமே, முதலைகள். அமெரிக்க அலிகேட்டர் இனம்.

சுகர் லேண்ட், பேர்லேண்ட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் பேர்லேண்ட் மீனாட்சி கோவில், நாசா, கால்வெஸ்டன் கடற்கரை என்று போடும் பட்டியலில் நாலாவதாக இந்தப் பார்க்கும் வந்துவிடுகிறது. பகலில் சுற்றிவிட்டு வருகிறவர்கள் பாதிதான் பார்த்தவர்கள். இரவு டென்ட் போட்டுத் தங்கி, விடியும்போது ஏரிக்கரையில் நிற்க வேண்டும். அப்படித் தங்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாசலில் கொடுக்கும் தாளிலேயே விதிகள் அச்சாகியிருக்கின்றன. அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. படித்தாலும் ‘ஏன்’ என்பது அதில் பெரும்பாலும் இருக்காது. காரணம் தெரிந்துவிட்டால் விதியை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் எல்லா விதிகளும் இரண்டுக்குள் அடங்கிவிடும்: விலங்குக்கும் நமக்கும் இடையில் தூரம் இருக்கட்டும், நம் சாப்பாடு நம்மோடு இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

முன்பதிவு செய்யுங்கள். டென்ட் தளங்களை டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்தில் ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே பதியலாம். மார்ச், ஏப்ரல் வார இறுதிகள் அப்போதே போய்விடும். ஞாயிறு முதல் வியாழன் வரை எளிதாகக் கிடைக்கும். தங்கும் கட்டணம் வேறு, தலைக்கு வாங்கும் நுழைவுக் கட்டணம் வேறு. 12 வயது வரை குழந்தைகளுக்கு நுழைவு இலவசம். வருடத்துக்கு நாலைந்து முறை ஏதாவது ஒரு ஸ்டேட் பார்க்குக்குப் போகிற குடும்பம் ஆண்டு பாஸ் வாங்கிவிடுவது லாபம். பாஸ் வைத்திருப்பவரோடு ஒரே காரில் வரும் எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் இராது. ஆனால் பாஸ் இருந்தாலும் இடம் பதிந்துதான் போக வேண்டும். கூட்டம் நிறைந்துவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பருவம் பார்த்துப் போங்கள். சிக்கலே இங்கேதான். நம் பெற்றோர்கள் வருவது பெரும்பாலும் மே முதல் செப்டம்பருக்குள், பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி. அந்த மாதங்களில் வெயில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். சென்னை வெயிலைக் கண்டவர்களையும் அந்தப் புழுக்கம் அசத்திவிடும். கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதலை பார்க்க மார்ச் முதல் மே வரை நல்ல காலம்: குளிர் விலகி, வெயில் காய அவை கரையேறும். பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. வடக்கிலிருந்து வாத்துகள் இறங்கியிருக்கும், கொசு அடங்கியிருக்கும். கோடையில்தான் முடியும் என்றால் டென்ட் வேண்டாம், கொசுவலை அடித்த ‘ஸ்க்ரீன்ட் ஷெல்டர்’ எடுங்கள். காலை 6 மணிக்கு நடை தொடங்கி 9 மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் பார்க்கின் அறிவிப்புப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். இது ஆற்றுப் படுகை. 2016 வெள்ளத்திலும் 2017 ஹார்வி புயலிலும் பிராசோஸ் ஆறு உள்ளே புகுந்து பார்க்கையே மூட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய வெள்ளம் இல்லாவிட்டாலும் நல்ல மழைக்குப் பிறகு சில பாதைகள் சேறாகி அடைபட்டிருக்கும். வறண்ட காலமானால் கவுண்டி நிர்வாகம் தீ மூட்டத் தடை போட்டிருக்கும். அப்போது விறகு அடுப்பு கிடையாது. அறிவிப்பில் கேஸ் அடுப்புக்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவற்றில் டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் உங்களுக்கே தெரியும். மறந்துபோவது மூன்று: பைனாகுலர், தலையில் மாட்டும் டார்ச், கணுக்கால் மறைக்கும் ஷூ. செருப்போடு ஏரியைச் சுற்றக் கிளம்பும் மாமாக்களைப் பார்த்தால் எனக்குப் பாம்பைவிடத் தீயெறும்பு நினைவுதான் வரும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஏரிக்கரையில் செய்யக்கூடாதவை

முதலைக்கு 30 அடிக்குள் போகாதீர்கள். இரண்டு கார்களை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வரும் நீளம் அது. கரையில் படுத்திருப்பது மரக்கட்டை மாதிரித்தான் தெரியும். அசையாது, கண்கூட இமைக்காதது போலிருக்கும். “செத்துப்போச்சா, பொம்மையா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு அடி, இன்னொரு அடி என்று நெருங்குகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். முதலை குளிர்ரத்தப் பிராணி. உடம்பைச் சூடாக்க வெயிலில் கிடக்கிறது, தூங்கவில்லை. வாயைத் திறந்து சத்தமில்லாமல் கிடந்தால் உடல் சூட்டைச் சரிசெய்துகொள்கிறது என்று பொருள். அதுவே உங்கள் பக்கம் திரும்பி, வாய் பிளந்து, ‘ஸ்ஸ்’ என்று சீறினால் நீங்கள் ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். நேராகவே விலகிப் போய்விடலாம். நிலத்தில் நெடுந்தூரம் துரத்துவது அதன் வேட்டைமுறை இல்லை. நீரோரம் பதுங்கியிருந்து பாய்வதுதான் அதன் வழி. ஆகவே பயப்பட வேண்டிய இடம் பாதையல்ல, தண்ணீர் விளிம்பு.

பாதையில் குறுக்கே படுத்திருந்தால் தாண்டாதீர்கள். கல்லோ குச்சியோ எறிந்து எழுப்பாதீர்கள். வந்த வழியே திரும்புவதில் எந்த அவமானமும் இல்லை. 40 ஏக்கர் ஏரிக்கும் எல்ம் ஏரிக்கும் நடுவிலுள்ள ஸ்பில்வே பாதையில் இது அடிக்கடி நடக்கும். அரை மணி நேரம் கழித்து வந்தால் அதுவே இறங்கிப் போயிருக்கும்.

உணவு போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட்ட பரம்பரை நாம். கோவில் தெப்பக்குளத்தில் பொரி தூவினால் மீன்கள் திரண்டு வருவதைக் குழந்தைக்குக் காட்டி மகிழ்ந்தவர்கள். ஏரி என்று பார்த்ததும் கை தானாகப் பையிலிருக்கும் முறுக்கைத் தேடுகிறது. “பாவம், வாத்துக்கு ஒரு துண்டு ரொட்டிதானே” என்று அம்மாக்கள் சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. நடப்பது என்னவென்றால், ரொட்டிக்கு வாத்து வருகிறது, மீன் வருகிறது, வாத்தையும் மீனையும் பார்த்து முதலை வருகிறது. இரண்டு மூன்று முறை அப்படிக் கிடைத்துவிட்டால் போதும். கரையில் மனிதக் காலடிச் சத்தம் கேட்டாலே சாப்பாடு என்று அது கற்றுக்கொள்கிறது. மனிதனைக் கண்டால் விலகிப்போவதுதான் அதன் இயல்பான சுபாவம். அந்தச் சுபாவத்தை ஒரு துண்டு ரொட்டி கெடுத்துவிடுகிறது. அதன் பிறகு கரைக்கு வரும் ஒரு குழந்தையை நோக்கி அது நீந்தி வந்தால், துறை அந்த முதலையை விட்டுவைக்காது. ரொட்டி போட்டவர் அதற்குள் வீட்டுக்குப் போய், படத்தையும் பகிர்ந்துவிட்டிருப்பார்.

டெக்சாஸில் முதலைக்கு உணவு போடுவது சட்டப்படி குற்றம். 500 டாலர் வரை அபராதம் உண்டு. அபராதத்துக்குப் பயந்தாவது முறுக்கை நீங்களே சாப்பிடுங்கள்.

தண்ணீரில் எதையும் எறியாதீர்கள், கல்லைக்கூட. ‘தொப்’ என்ற சத்தமே முதலைக்கு அழைப்புதான். குழந்தைகள் கல் எறியத்தான் ஏரிக்கு வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதை வேறு குளத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நீந்தாதீர்கள், காலை நனைக்காதீர்கள், பாத்திரம் அலம்பாதீர்கள். இங்கே நீச்சலும் இல்லை, படகும் இல்லை. 2015-இல் டெக்சாஸின் ஆரஞ்சு நகரில் முதலை இருக்கிறது என்ற எச்சரிக்கையை மீறி நள்ளிரவில் நீரில் குதித்த இளைஞர் ஒருவர் இறந்தார். டெக்சாஸில் இப்படி ஒரு சாவு மிக மிக அரிது. அது நடந்ததும் எச்சரிக்கையை அலட்சியம் செய்ததால்தான்.

நாயைக் கரையோரம் நடத்தாதீர்கள். ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது பார்க் விதி. கயிறு இருந்தாலும் நீர்ப்பக்கம் நீங்கள் நடங்கள், நாய் உள்பக்கம் நடக்கட்டும். முதலையின் கண்ணுக்கு நாய் சரியான அளவு இரை. இன்னும் சரியாகச் சொன்னால், நாயை வீட்டிலேயே விட்டுவருவது நாய்க்கும் நல்லது, உங்களுக்கும் நிம்மதி.

குட்டிகளின் பக்கம் போகவே போகாதீர்கள். ஜூன், ஜூலையில் தாய்முதலை செடிகொடிகளைக் குவித்து மேடு கட்டி முட்டையிடுகிறது. அந்தத் தழை மக்குகிற சூட்டிலேயே முட்டை பொரிகிறது. மேட்டின் சூடு 30 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தால் பெண்குட்டி, 33-ஐ ஒட்டியிருந்தால் ஆண்குட்டி. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் முட்டைக்குள்ளிருந்தே குட்டிகள் குரல் கொடுக்கும். தாய் மேட்டைக் கிளறி, குட்டிகளை வாயில் ஏந்தித் தண்ணீரில் கொண்டுவிடும். கறுப்புடம்பில் மஞ்சள் பட்டையோடு, முழங்கை நீளத்துக்கும் குறைவாக, இலைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பார்க்க அவ்வளவு அழகு. உங்களுக்குக் குட்டிதான் தெரியும். தாய் பக்கத்தில் மூக்கையும் கண்ணையும் மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். குட்டி கத்தினால் அடுத்து வருவது அதுதான். முதலைக்குட்டியைக் கிட்டத்தில் பார்க்க ஆசையென்றால் பார்க்குக்குள் இருக்கும் நேச்சர் சென்டருக்குப் போங்கள். அங்கே தன்னார்வலர்கள் குட்டியைக் காட்டி விளக்குவார்கள்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு: ஸ்டேட் பார்க்கின் கரையிலிருந்து மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். ஆனால் மாட்டிய மீனைத் தேடி முதலை வந்தால் நூலை அறுத்துவிட்டு நகருங்கள். மீன் அதற்கே. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடுகிற பழக்கமும் இங்கே உதவாது.

இவ்வளவு சொன்னதும் முதலைமேல் பயம்தான் மிஞ்சுகிறதோ? இந்த மிருகம் ஒரு காலத்தில் அழிவின் விளிம்புக்குப் போனது. தோலுக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். 1967-இல் அமெரிக்க அரசு அதை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 1987-இல் மீண்டுவிட்டது என்று அறிவித்தது. நம் ஊர்க்காரர்கள் கரையில் நின்று படமெடுக்கும் இந்த முதலைகள் அந்த இருபது வருடப் பாதுகாப்பின் பலன்.

பார்க்கும்போது செய்ய வேண்டியவை

விடிவதற்கு முன்பே ஏரிக்கரையில் இருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆண்முதலைகள் இணை தேடிக் குரல் கொடுக்கும். தலையும் வாலும் நீருக்குமேல் தூக்கி, உடம்பைக் காற்றால் நிரப்பி, முதலில் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு ஒன்றை விடும். அந்த நொடியில் முதுகின் மேலிருக்கும் தண்ணீர் துளித்துளியாகத் துள்ளும், கொதிக்கிற எண்ணெய் போல. அதன் பிறகுதான் உறுமல் கேட்கும். ஒன்று தொடங்கினால் ஏரியின் மறுகரையிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். டென்டில் தங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் பரிசு இது. பத்து மணிக்கு வரும் பகல்கூட்டம் இதைப் பார்க்க முடியாது.

40 ஏக்கர் ஏரிக்கரையில் பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறது. ஏறி, உட்கார்ந்து, பேசாமல் கால் மணி நேரம் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பிறகு ஒவ்வொன்றாக வெளிவரும். நாணலுக்குள் மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, காற்றில் நாணல் ஆடினால் தானும் ஆடும் அமெரிக்கக் குருகு. தாமரை இலைமேல் நீண்ட மஞ்சள் விரல்களைப் பரப்பி நடக்கும் ஊதாத் தாழைக்கோழி. சிறகை விரித்து வெயிலில் உலர்த்தும் அன்ஹிங்கா. கடைசியாகச் சொன்னது நம் ஏரிகளில் பார்க்கும் பாம்புத்தாராவின் நெருங்கிய சொந்தம். நீரில் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதைப் பார்த்தால் “பாம்பு, பாம்பு” என்று இங்கேயும் யாராவது கத்துவார்கள்.

வேடந்தாங்கலில் கரண்டிவாயன் வெள்ளை. இங்கே இளஞ்சிவப்பு. சாப்பிடும் இறால் போன்ற சிறு உயிர்களிலிருந்து அந்த நிறம் சிறகில் ஏறுகிறது. ஓக் மரக்கிளையில் வரிசையாக உட்கார்ந்து சீழ்க்கையடிக்கும் வாத்துக்கூட்டம் கண்ணில் பட்டால் அலகைக் கவனியுங்கள், செக்கச்செவேல் என்றிருக்கும். நம்மூர்ச் சீழ்க்கைச் சிறகிக்கு உறவான கருவயிற்றுச் சிறகி அது. மரப்பொந்தில் முட்டையிடும். பார்க்கில் பதிவான பறவையினங்கள் 300-க்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கப் பறப்பதைவிட ஒரு பறவையைப் பத்து நிமிடம் பார்ப்பது மேல்.

ஒலிபெருக்கியில் பறவைக்குரல் போட்டு வரவழைக்காதீர்கள். குறிப்பாகக் கூடுகட்டும் காலத்தில். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில் அது உங்கள் போனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ட்ரோன் பறக்கவிடாதீர்கள். புதரோரம் தனியாகச் சுருண்டிருக்கும் மான்குட்டியைக் கண்டால் தூக்கி ரேஞ்சரிடம் ஓடாதீர்கள். அதைத் தாய் கைவிடவில்லை, மேயப் போயிருக்கிறது.

நீரோரத் தண்டுகளில் பளிச்சென்ற ரோஸ் நிறத்தில் முத்துக்கொத்து மாதிரி ஒட்டியிருப்பது பூவல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிவிட்ட ஆப்பிள் நத்தையின் முட்டை. தொட்டால் தோல் எரியும். குழந்தைகளிடம் முதலிலேயே காட்டிச் சொல்லிவிடுங்கள். அந்த நிறத்துக்குக் கை நீட்டாத பிள்ளை இல்லை.

டென்ட் தளத்தில்

போய்ச் சேர்ந்ததும் முதலில் தரையைப் பாருங்கள். பிறகு டென்டை விரியுங்கள். கிளறிவிட்ட மண் போல, நடுவில் வாயில்லாமல் பொலபொலவென்று ஒரு குவியல் இருந்தால் அது தீயெறும்புப் புற்று. ஒரு எறும்போடு நிற்காது. காலில் ஏறும்வரை சும்மா இருந்துவிட்டு எல்லாம் சேர்ந்தாற்போல் கொட்டும். மறுநாள் ஒவ்வொரு கடியிலும் சீழ்க்கொப்புளம். சொறியாதீர்கள், உடைக்காதீர்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் தாமதிக்காமல் 911.

சாப்பாடு முழுவதையும் இரவில் காருக்குள் பூட்டிவையுங்கள். டென்டுக்குள் பிஸ்கட் பொட்டலம்கூட வேண்டாம். ரக்கூன் என்ற ராத்திரித் திருடனுக்கு ஐந்து விரல்கள், அவற்றால் கூலர் பெட்டியின் கொக்கியைத் தடவித் தடவித் திறந்துவிடும். மூடியின்மேல் கல்லை வைத்தால் கல்லை உருட்டிவிட்டுத் திறக்கும். தோசைமாவை இழப்பது பெரிய விஷயமில்லை. ரக்கூனுக்கு வெறிநோய் இருக்கலாம் என்பதுதான் விஷயம். விரட்டுகிறேன் என்று கிட்டே போகாதீர்கள். அதேபோல, செருப்புக்கால் ஓரமாக முகர்ந்துகொண்டு போகும் அர்மடில்லோவைத் தொடாதீர்கள். தொழுநோய்க் கிருமி அதனிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது உண்டு.

தட்டைக் குழாயடியில் கழுவி மிச்சச் சோற்றைப் புல்லில் கொட்டாதீர்கள். காலையில் அங்கே எறும்பு வரிசை, இரவில் காட்டுப்பன்றி. துடைத்து, குப்பைப் பையில் போட்டு, பிறகு கழுவுங்கள். புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு என்று வீட்டிலேயே செய்துகொண்டு போவது கேம்ப்பிங் இல்லையென்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். சமையலுக்குச் செலவாகும் இரண்டு மணி நேரத்தில் ஏரியை ஒரு சுற்று வந்துவிடலாம்.

விறகு வீட்டிலிருந்து எடுத்துப்போகாதீர்கள். மரத்தைக் கொல்லும் பூச்சியும் பூஞ்சையும் விறகோடுதான் ஊர் விட்டு ஊர் போகின்றன. பார்க்குக்குப் பக்கத்தில் வாங்குங்கள். காட்டில் கிடக்கும் சுள்ளியையும் பொறுக்கக் கூடாது. அது பூச்சிக்கும் பல்லிக்கும் வீடு. தீயை அதற்கென்று அமைத்த இரும்பு வளையத்துக்குள் மட்டும் மூட்டுங்கள். படுக்கப்போகும்முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறவிடுங்கள்.

மூன்று மூன்று இலையாகப் படரும் கொடியைத் தொடாதீர்கள். பாய்சன் ஐவி. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். உடுப்பில் ஒட்டிய எண்ணெயும் அரிப்பைத் தரும்.

பொது இடத்தில் மது கூடாது என்பது டெக்சாஸ் ஸ்டேட் பார்க் விதி. ஒரு தளத்துக்கு எட்டுப் பேர்தான். மூன்று குடும்பம் சேர்ந்து போகிறீர்களென்றால் பக்கத்துப் பக்கத்துத் தளமாகப் பதிந்துகொள்ளுங்கள். ஒரே தளத்தில் ஐந்து டென்ட் அடிக்க விடமாட்டார்கள்.

ஸ்பீக்கரைக் காரிலேயே விட்டுவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். மற்ற நேரத்திலும் அடுத்த தளத்துக்குக் கேட்கும்படி பாட்டு போடக் கூடாது, அது இளையராஜாவே ஆனாலும். சாயங்காலம் ஆந்தைகள் ஒன்றையொன்று கூப்பிடத் தொடங்கும். அதைக் கேட்கத்தான் அடுத்த டென்ட்காரர் பணம் கட்டி வந்திருக்கிறார்.

இருட்டிய பிறகு

டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஏரிமேல் அடித்துப் பாருங்கள். தணல் மாதிரிச் சிவப்பாக ஒளிரும் ஒவ்வொரு ஜோடிப் புள்ளியும் ஒரு முதலை. பகலில் மூன்றோ நாலோ எண்ணிய இடத்தில் இரவில் எத்தனை என்று எண்ணும்போதுதான் 30 அடி விதி மனசில் பதியும். ஒரு முறை அடித்துப் பார்த்தால் போதும். பறவைகள் அடைந்திருக்கும் மரங்களில் வெளிச்சத்தைத் தொடர்ந்து வீசாதீர்கள்.

டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போகாதீர்கள். காட்டன்மவுத், காப்பர்ஹெட், பவழப்பாம்பு என நச்சுப்பாம்புகள் இங்கே உண்டு. காட்டன்மவுத் தடித்த உடம்புக்காரன். சீண்டினால் ஓடாமல் நின்று, பஞ்சு மாதிரி வெளுத்த வாயைத் திறந்து காட்டுவான். மரக்கட்டையைத் தாண்டும்முன் அதன் அந்தப்பக்கம் என்ன இருக்கிறதென்று பாருங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். சினிமாவில் பார்த்த எதையும் செய்யாதீர்கள். கடிபட்டவரை அசையாமல் உட்காரவைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, 911-ஐக் கூப்பிடுங்கள். நச்சு உதவி எண் 1-800-222-1222 எந்நேரமும் இயங்கும்.

சனிக்கிழமை தங்குகிறீர்களா? பார்க்குக்குள்ளேயே ஜார்ஜ் அப்சர்வேட்டரி இருக்கிறது. ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் நடத்துவது. 36 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியில் சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்கள் வானம் பார்க்கலாம். டிக்கெட் தனி. வானம் மேகமாக இருக்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வாகனத்தின் முகப்பு விளக்கை அங்கே எரியவிட்டு நிற்காதீர்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், ஒரு நொடி வெளிச்சத்தில் எல்லாம் போய்விடும்.

பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்களுக்கு

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் கிரீக்ஃபீல்ட் ஏரியைச் சுற்றும் பாதை வசதி. தளம் போட்ட அரை மைல் சுற்று. முதலையும் தெரியும், பறவையும் தெரியும், உட்காரப் பெஞ்சும் உண்டு. குழந்தை உங்களுக்கு முன்னால் ஓடக் கூடாது. தோளில் தூக்கிக்கொண்டு நீர் விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. பாதை ஓரத்துப் புல் உயரமாக இருக்கிற இடத்தில் நடுப்பாதையிலேயே நடக்க வேண்டும். இவ்வளவு போதும் பிள்ளைகளுக்கு. நீளமாக மிரட்டினால் முதலையைப் பார்த்ததும் அழும்.

பார்க் சாலையில் இருட்டும் நேரம் மான்கள் குறுக்கே வரும். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று நிற்கும். மெதுவாக ஓட்டுங்கள். வாசல் கதவு இரவு 10 மணிக்கு மூடிவிடுவார்கள். வேலை முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறவர்கள் அதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். தளத்தைக் காலி செய்யும் நேரம் மறுநாள் நண்பகல்.

கோடையில் ஒரு தடவை போய்விட்டு, ‘கொசுக்கடிதான் மிச்சம்’ என்று அலுத்துக்கொண்டவர்கள் அந்த ஏரியை இன்னும் பார்க்கவில்லை. பிப்ரவரியில் ஒரு வாரநாள் இரவுக்குப் பதிந்து, ராத்திரிக் குளிருக்கு நல்ல போர்வை எடுத்துக்கொண்டு மறுபடி போய்ப் பாருங்கள்.